அம்மா இந்தியர், பிள்ளை யார்? முகாம் குடும்பங்களைப் பிரித்துப்போட்ட ஒரு தேதி

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் வேலைக்குச் சேர்கிற எவருக்கும் அந்த லிஸ்ட் மனப்பாடம். ஆதார், பான், பேங்க் பாஸ்புக், மார்க் ஷீட், இரண்டு போட்டோ. கூடவே ஒரு படிவம். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, ‘நேஷனாலிட்டி’. கடைசிக் கட்டத்தில் ‘இந்தியன்’ என்று எழுத ஒரு நொடி போதும். அதைப் பற்றி யாரும் யோசிப்பதுகூட இல்லை.

ஆனால், தமிழ்நாட்டிலேயே பிறந்து, இங்குள்ள பள்ளியில் படித்து, இங்குள்ள கல்லூரியிலேயே இன்ஜினீயரிங் முடித்த ஒரு தலைமுறை அந்தக் கட்டத்தில் வந்து நின்றுவிடுகிறது. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வளர்ந்தவர்கள் இவர்கள். ஆதார் இருக்கும், பான் இருக்கும், பேங்க் அக்கவுன்ட்டும் இருக்கும். குடியுரிமை இருக்காது. அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. தனியார் நிறுவனங்களில் சட்டப்படி தடை என்று எதுவும் இல்லாவிட்டாலும், பாஸ்போர்ட் கேட்கும்போதோ போலீஸ் வெரிஃபிகேஷன் வரும்போதோ ஹெச்.ஆர். தயங்கிவிடும். கொரியாவுக்கு மூன்று மாதப் பயிற்சி என்றால் பாஸ்போர்ட் இல்லாதவரை எப்படி அனுப்புவது? டிகிரி கையில் இருந்தும் பெயின்ட் அடிக்கப் போகிற முகாம் இளைஞர்களின் கதை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல.

அந்த ஒரு கட்டத்தில் என்ன எழுதலாம் என்பதை அவர்களின் படிப்போ திறமையோ முடிவு செய்வதில்லை. அவர்களை அம்மா எந்தத் தேதியில் பெற்றார், அந்த அம்மாவின் கையில் என்ன காகிதம் இருந்தது என்பதுதான் முடிவு செய்கிறது. எப்படி? அதற்கு அந்த அம்மாக்கள் வந்த வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மணல் திட்டில் இறங்கியவர்கள்

1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழர்கள் படகேறத் தொடங்கினார்கள். 1983 முதல் 1987 வரை முதல் அலை. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும் இரண்டாவது. 1996-க்குப் பிறகு மூன்றாவது. 2006-ல் தொடங்கி 2009-ல் போர் முடியும் காலம் வரை நான்காவது. மொத்தமாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள்.

மன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரைபடத்தில் பக்கம்தான். ஆனால் படகோட்டிகள் எல்லோரும் கரை வரை கொண்டுவந்து விடுவதில்லை. கடற்படையின் கண்ணில் படாமல் திரும்ப வேண்டுமே! இடையில் இருக்கும் மணல் திட்டுகளில் இறக்கிவிட்டு, ‘இதுதான் இந்தியா’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். குடிக்கத் தண்ணீர் இருக்காது, ஒதுங்க நிழல் இருக்காது. கைக்குழந்தையோடு இறங்கிய பெண்கள், மீனவர்களோ கடலோரக் காவல் படையோ வந்து சேரும்வரை அங்கேயே காத்திருந்தார்கள். இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2022 மார்ச்சில், இலங்கையில் பால் மாவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் போனபோது, முதலில் வந்த குழுவும் கைக்குழந்தையோடு இப்படித்தான் ஒரு திட்டில் நின்றது.

கரை சேர்ந்ததும் முதல் நிறுத்தம் மண்டபம் முகாம். அந்த இடத்துக்கு இதைவிடப் பழைய வரலாறு ஒன்று உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களை நிறுத்திவைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்து அனுப்பிய முகாம் அது. பாட்டன், பாட்டி கப்பலேறுவதற்கு முன் காத்திருந்த அதே வளாகத்துக்கு, பேத்தி அகதியாகத் திரும்பி வந்தாள். தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களில் பல்லாயிரம் பேர் இப்படி மலையகத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். அவர்களுடைய முன்னோர்கள் போனதும் இங்கிருந்துதான்.

மண்டபத்தில் பெயர் பதிந்து, விசாரித்து, பிறகு மாவட்டவாரியாகப் பிரித்து அனுப்புவார்கள். போராளி இயக்கத்தோடு தொடர்பு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் கணவரைச் ‘சிறப்பு முகாமுக்கு’ கொண்டுபோய்விடுவார்கள். மனைவியும் பிள்ளைகளும் வேறொரு முகாமில். சாப்பாட்டுக்கு வழி தேடுவது, ஸ்கூலில் சேர்ப்பது, மனு எழுதுவது எல்லாம் அந்தப் பெண்ணின் தலையில்.

பத்துக்குப் பத்து வீடு

முகாம் என்றதும் கூடாரம் நினைவுக்கு வரலாம். தமிழ்நாட்டு முகாம்கள் அப்படி இல்லை. சில இடங்களில் பழைய அரசுக் கட்டடங்கள், குடோன்கள். சில இடங்களில் வரிசை வரிசையாகப் பத்தடிக்குப் பத்தடி அறைகள். தற்காலிகம் என்று சொல்லிக் கட்டியவை முப்பது, நாற்பது வருடம் ஓடின. அந்த ஓர் அறையில்தான் சமையல், பிள்ளைகளின் படிப்பு, வயதுக்கு வந்த பெண்ணின் மறைவு, புதிதாகக் கல்யாணமான மகனின் குடும்பம் எல்லாமே.

அரசு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கும். முகாம் மொழியில் ‘பணக்கொடை’. 2021 ஆகஸ்ட் வரை குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 750, குழந்தைகளுக்கு 400. அதற்குப் பிறகு 1,500, 1,000, 500 என உயர்ந்தது. இதை வாங்க வேண்டும் என்றால் கணக்கெடுப்பு நாளில் ஆஜராக வேண்டும். வருவாய்த் துறை வரும், கியூ பிரிவு போலீஸும் வரும். ஆளில்லை என்றால் தொகை நிற்கும், பதிவுக்கும் சிக்கல். வெளியூர் போகவும் அனுமதி கேட்க வேண்டும்.

இப்போது இதை ஒரு கம்பெனி வேலையோடு பொருத்திப் பாருங்கள். ஒரகடத்தில் மூன்று ஷிஃப்ட், தங்குவது ஹாஸ்டலில், முகாம் இருப்பதோ ஈரோடு பக்கம். கணக்கெடுப்பு நாளுக்காக லீவு கேட்டால் சூப்பர்வைசரிடம் என்ன காரணம் சொல்வது? ‘முகாம்ல செக்கிங் சார்’ என்றால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த வாழ்க்கைக்கு நடுவில் பிள்ளைகளைப் படிக்கவைத்தது பெரும்பாலும் அம்மாக்கள்தான். அவர்களுக்குத் துணையாக இருந்த அமைப்புகளில் முக்கியமானது ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். தந்தை செல்வா என்று அழைக்கப்பட்ட எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மகன் எஸ்.சி. சந்திரஹாசன் 1984-ல் தொடங்கியது. முகாம் பெண்களைக் கொண்டே மாலை வகுப்பு நடத்துவது, ஊட்டச்சத்துக்காக ஸ்பைருலினா வளர்ப்பது என்று பல வேலைகளைச் செய்தது. ஆனால் அது செய்தவற்றில் இன்று திரும்பிப் பார்க்கும்போது பெரிதாகத் தெரிவது வேறொன்று. முகாமில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்துக்கொடுத்தது. ஏன் அது பெரிது என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

1991 மே 21-க்குப் பிறகு

ஸ்ரீபெரும்புதூரைக் கடக்கும் கம்பெனி பஸ்கள் தினமும் ராஜீவ் காந்தி நினைவிடத்தைத் தாண்டித்தான் போகின்றன. பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள், மீதிப் பேர் போனில். 1991-ல் இங்கே தொழிற்சாலைகளின் பெயர்ப் பலகைகள் இல்லை. ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்ததே 1996-ல்தான், முதல் சான்ட்ரோ வெளிவந்தது 1998-ல். வெளியூர்க்காரர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் அன்று ராமானுஜர் பிறந்த ஊர், அவ்வளவுதான்.

1991 மே 21 இரவு தேர்தல் பிரசாரத்துக்கு வந்த ராஜீவ் காந்தி விடுதலைப் புலிகளின் மனித வெடிகுண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். அவரோடு காவலர்களும் பொதுமக்களும் உயிரிழந்தார்கள். அந்த இரவுக்குப் பிறகு, அதில் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆயிரக்கணக்கான முகாம் குடும்பங்களின் நிலைமை தலைகீழாக மாறியது. அதுவரை வாடகைக்கு வீடு கொடுத்தவர்கள் தயங்கினார்கள். முகாமுக்கு வெளியே இருந்தவர்கள் போலீஸில் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. கண்காணிப்பு கூடியது. எம்.ஜி.ஆர் ஆட்சியில் கல்லூரிகளில் அகதி மாணவர்களுக்குத் தரப்பட்ட இடங்கள் நிறுத்தப்பட்டன. 1996-ல் ஆட்சி மாறிய பிறகுதான் அந்தக் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் என்ன ஆனார்கள்? ஒரு பேட்ச் அப்படியே கூலி வேலைக்குப் போனது.

1992 ஜனவரியில் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியது. அடுத்த மூன்று வருடங்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலிலும் விமானத்திலும் இலங்கைக்குப் போனார்கள். விருப்பப்பட்டுத்தான் போகிறார்களா என்று உள்ளூரிலும் வெளிநாட்டிலும் கேள்வி எழுந்ததால், ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, போகிறவர்களிடம் நேரடியாகக் கேட்கத் தொடங்கியது. போனவர்களில் சிலர், அங்கே போர் மறுபடி தீவிரமானதும் அதே கடலைத் தாண்டித் திரும்பி வந்தார்கள்.

மடு மாதாவும் லாவாங் மாதாவும்

முகாம்களில் சைவக் குடும்பங்களும் கத்தோலிக்கக் குடும்பங்களும் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கின்றன. ஊரில் விட்டுவந்த நல்லூர்த் திருவிழாவின் தேதியை இங்கிருந்தே எண்ணுகிறவர்கள் உண்டு. மன்னார் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கோ மடு மாதா.

மடு வெறும் கோயில் இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களின் ஒடுக்குமுறைக்குப் பயந்து மாந்தையிலிருந்து ஓடிய கத்தோலிக்கர்கள், மாதா சிலையையும் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போனார்கள். அப்படி உருவான தலம் அது. முந்நூறு வருடம் கழித்து 1990-களில் அதே தேவாலய வளாகம் போரில் வீடிழந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு முகாம் ஆனது. இந்து, கிறிஸ்தவர் என்ற பாகுபாடு அங்கே இல்லை. 1999 நவம்பரில் குண்டு விழுந்து, அங்கே தஞ்சமடைந்திருந்தவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருமார்கள் சிலையையே எடுத்துக்கொண்டு வேறிடம் போனார்கள். மாதாவே இடம்பெயர்ந்து போன ஊர் என்றால், அந்த ஊர்ப் பெண்களின் பக்தி எப்படிப்பட்டது என்று யோசித்துக்கொள்ளலாம். இங்கே வந்தபின் அவர்களுக்கு வேளாங்கண்ணி பக்கம். நேர்த்தி வைப்பது அங்கே, மனசு இருப்பது மடுவில்.

இதே போன்ற ஒரு கதை வியட்நாமிலும் இருக்கிறது. அங்கே லாவாங் என்ற காட்டுப் பகுதியில், 1798-ல் மன்னரின் ஒடுக்குமுறைக்குத் தப்பி ஒளிந்திருந்தவர்களுக்கு மாதா காட்சி தந்ததாக நம்பிக்கை. 1975 ஏப்ரல் 30-ல் சைகோன் வீழ்ந்த பிறகு படகேறிய வியட்நாம் அம்மாக்கள் அந்த நம்பிக்கையையும் கொண்டுபோனார்கள். அமெரிக்காவின் மிசௌரி மாகாணத்தில் கார்தேஜ் என்ற சின்ன ஊரில் 1978 முதல் அவர்கள் நடத்தும் மாதா விழாவுக்கு இன்று பல்லாயிரம் பேர் திரள்கிறார்கள்.

கடல், படகு, மாதா எல்லாம் ஒன்றுபோலத்தான். வித்தியாசம் கரை சேர்ந்த பிறகு. 1975-க்கும் 1995-க்கும் இடையில் சுமார் எட்டு லட்சம் வியட்நாமியர்கள் படகில் வேறு நாடுகளைச் சென்றடைந்தார்கள். கடலில் போன உயிர்கள் தனிக்கணக்கு. முதலில் இறங்கிய மலேசியாவும் தாய்லாந்தும் இவர்களை விரட்டவும் செய்தன. ஆனால் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகள் பெரிய எண்ணிக்கையில் ஏற்றுக்கொண்டன. அமெரிக்கா 1980-ல் அகதிகளுக்கென்றே ஒரு சட்டம் போட்டது. அகதியாக அனுமதிக்கப்பட்டவர் ஒரு வருடத்தில் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெறலாம், ஐந்தாறு வருடத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே பிறந்த பிள்ளை பிறந்த அன்றே அமெரிக்கர்.

இந்தியாவில் அகதிகளுக்கான தனிச் சட்டம் இன்றுவரை கிடையாது. 1951-ம் ஆண்டு ஐ.நா. அகதிகள் ஒப்பந்தத்திலும் இந்தியா கையெழுத்திடவில்லை. சோறு போட்டது, படிக்க வைத்தது, வைத்தியம் பார்த்தது. இதில் தமிழ்நாடு பல நாடுகளைவிட மேல் என்றே சொல்லலாம். ஆனால் சட்டத்தின் கணக்கில் கதை வேறு. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று 2003-ம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. குண்டுக்குப் பயந்து நடுராத்திரியில் படகேறியவர் விசா வாங்கிக்கொண்டு வந்திருக்க முடியுமா என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

38 வயதில் முதல் ஓட்டு

இந்த இடத்தில்தான் நளினி கிருபாகரன் வருகிறார். (ராஜீவ் வழக்கில் சிறையில் இருந்த நளினி வேறு, இவர் வேறு.)

நளினியின் பெற்றோர் 1985-ல் இலங்கையிலிருந்து வந்தவர்கள். அவர் 1986-ல் மண்டபத்தில் பிறந்தார். திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்கிறார். கொட்டப்பட்டு இருப்பது திருச்சி விமான நிலையத்துக்கு அருகில். கொழும்பு விமானம் தலைக்கு மேல் பறக்கும் தூரம். ஆனால் முகாமில் இருப்பவர் அதில் ஏற வேண்டும் என்றால் பாஸ்போர்ட் வேண்டுமே!

இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான நளினி, 2021-ல் இந்திய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். பெற்றோர் இலங்கைக்காரர்கள் என்று சொல்லி நிராகரித்தார்கள். பொதுவாக அதோடு கதை முடிந்திருக்கும். அவர் விடவில்லை, உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2022 ஆகஸ்டில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பு சொன்னார். வாதம் ரொம்ப எளிமையானது. 1955-ம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்புவரை இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்கிறது. பெற்றோர் யார், எந்த நாடு என்று அந்தக் காலகட்டத்துக்குக் கேள்வியே இல்லை. மண்டபத்தில் பிறந்ததற்கான சான்றிதழ் நளினியிடம் இருந்தது. அவர் யாரிடமும் குடியுரிமை கேட்கவில்லை. பிறந்த நாள் முதல் அவர் இந்தியர்தான். பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது.

பாஸ்போர்ட் வந்தது. அதை வைத்து வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தார். 2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல். கொட்டப்பட்டு வாக்குச்சாவடியில் விரலில் மை வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது கேமராக்கள் காத்திருந்தன. இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஓட்டுப்போட்ட முதல் ஆள் என்று அன்று தேசிய ஊடகங்கள்வரை செய்தி ஆனது. முப்பத்தெட்டு வருடம் இந்தியராக இருந்தும் அது தனக்கே தெரியாமல் அகதியாக வாழ்ந்த ஒருவரின் முதல் ஓட்டு!

சரி, பிள்ளைகள்?

இங்கேதான் கணக்கு சிக்கலாகிறது. சட்டம் பிறந்த தேதியை வைத்து மூன்று காலகட்டங்களாகப் பிரிக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவருக்கு மண் போதும். அந்தத் தேதி முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன் வரை பிறந்தவருக்கு, அப்பா, அம்மா இருவரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு இருவருமே இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியர், இன்னொருவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ அல்லாதவராக இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு முகாம் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அம்மாவும் அப்பாவும் 1985-ல் இலங்கையிலிருந்து வந்தவர்கள். மூத்த பெண் 1986-ல் பிறந்தார். இந்தியர். தம்பி 1988-ல் அதே ஆஸ்பத்திரியில் பிறந்தார். இந்தியர் இல்லை. அந்த அக்காவுக்கு முகாமிலேயே கல்யாணம், மாப்பிள்ளை சின்ன வயதில் படகில் வந்தவர். அக்காவுக்கு 2004 நவம்பரில் ஒரு குழந்தை பிறந்திருந்தால் அது அம்மா வழியில் இந்தியர். அடுத்த குழந்தை 2006-ல் பிறந்திருந்தால், அப்பாவின் கையில் விசா இல்லை என்பதற்காகவே அது இந்தியர் இல்லை. ஒரே வீட்டில் பாட்டி இலங்கை, அம்மா இந்தியா, மூத்தது இந்தியா, இளையது..?

அந்த இளையவர் இலங்கைக் குடிமகனா என்றால், தானாக ஆகிவிடுவதில்லை. சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும், பெற்றோரின் இலங்கை ஆவணம் காட்ட வேண்டும். படகில் வந்தபோது நனைந்து போன காகிதத்தை எங்கே தேடுவது? பதியவில்லை என்றால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர். மலையக வழியினருக்குச் சிக்கல் இன்னும் ஒரு படி மேல். 1948-ல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964-ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. அந்தப் பட்டியலில் சேராமல் விடுபட்டவர்களின் வாரிசுகள் இன்று முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களில் 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் இதே நீதிபதி சுவாமிநாதன், நாடற்றவர்களாக ஒருவரைக் காலவரையின்றி வைத்திருப்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவுக்கு எதிரானது என்று சொல்லி, விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டார்.

அதே ஆண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு மட்டும் வழி. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. பெரும்பாலும் இந்துக்களும் கிறிஸ்தவர்களுமான முகாம்வாசிகள், மதத்தால் தகுதி பெற்று நாட்டால் தகுதி இழந்தார்கள்.

இப்போது என்ன நிலைமை?

மாநில அரசு தன் எல்லைக்குள் சிலவற்றைச் செய்தது. 2021 ஆகஸ்டில் 317.40 கோடி ரூபாய் திட்டம் அறிவிக்கப்பட்டது. பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அதில் முக்கியமானது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரும் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. பெயர் மாறினால் போதுமா என்று கேட்கலாம். ஸ்கூல் பஸ்ஸில் ‘அகதி முகாம் ஸ்டாப்’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் தெரியும். அப்போதைய கணக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர். முகாமுக்கு வெளியே போலீஸில் பதிந்து வாழ்கிறவர்கள் சுமார் 34,000 பேர். சென்னைக்குப் பக்கத்தில் இருப்பவை என்றால் புழலும் கும்மிடிப்பூண்டியும்.

மத்திய அரசு 2025 செப்டம்பரில் ஒரு உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து, அரசிடம் பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமல் தங்கியிருப்பதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு. நாற்பது வருடம் கழித்தாவது ‘நீ இங்கே இருப்பது குற்றம்’ என்ற கத்தி விலகியது. ஆனால் உத்தரவு அதோடு நிற்கிறது. குடியுரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு அப்படியே இருக்கிறது.

நீதிமன்றங்களும் ஒரே திசையில் பேசுவதில்லை. 2025 மே மாதம், தண்டனை முடிந்த ஓர் இலங்கைத் தமிழர் தன்னை நாடு கடத்த வேண்டாம் என்று கேட்ட வழக்கில், எல்லா நாட்டவரையும் வரவேற்க இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் இல்லை என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் கருத்து சொன்னது. முகாம் வாட்ஸ்அப் குரூப்களில் நளினியின் ஓட்டு போட்டோ போன அதே வழியாக இந்தச் செய்தியும் போயிருக்கும்.

‘பேசாமல் திரும்பிப் போய்விடலாமே?’ இது பலர் கேட்கிற கேள்வி. போர் முடிந்தபின் ஐ.நா. உதவியோடு சில ஆயிரம் பேர் போயும் இருக்கிறார்கள். ஆனால் ஓர் அம்மாவின் இடத்திலிருந்து பார்த்தால், ஊரில் வீடு இடிந்திருக்கலாம், காணியில் வேறு யாரோ இருக்கலாம். பிள்ளைகள் பேசுவது திருச்சித் தமிழோ ஈரோட்டுத் தமிழோதான். அவர்களுடைய சர்டிபிகேட், சிநேகிதர்கள், காதல், கிரிக்கெட் டீம் எல்லாமே இங்கே. எண்பது வயதுப் பாட்டிக்கு ஊருக்குப் போய்க் கண்மூட ஆசை, இருபது வயதுப் பேரனுக்கு அது பார்த்தே இராத வெளிநாடு. நடுவில் இருக்கிற அம்மா யார் பக்கம் பேசுவார்?

நளினியின் தீர்ப்புக்குப் பிறகு முகாம்களில் டிரங்குப் பெட்டிகளைத் திறந்து பழைய காகிதங்களைத் தேடுபவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. 1987 ஜூன் 30-க்குள் இங்கே பிறந்தவர்களில் கடைசி ஆளுக்குக்கூட 38 வயது தாண்டிவிட்டது. பெண்களில் பலர் இன்று வயது வந்த பிள்ளைகளுக்குத் தாய். அவர்களுக்கு முதலில் வேண்டியது பிறப்புச் சான்றிதழ். ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் பழைய பதிவேட்டில் பெயர் இருக்கும். முகாம் அறையிலேயே பிரசவம் நடந்து பதியாமல் விட்டிருந்தால், ஓராண்டுக்கு மேல் தாமதமான பதிவுக்கு அதிகாரியின் உத்தரவு வாங்க வேண்டும். அதற்கு ஸ்கூல் சர்டிபிகேட், பழைய முகாம் பதிவு, பிரசவம் பார்த்தவரின் சாட்சி என்று எது கிடைத்தாலும் உதவும். பிரசவம் பார்த்த பாட்டிகளில் உயிரோடு இருப்பவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.